மட்டை இல்லாத அம்பாரம்

மரக்காணம்
6.3.2005

அன்புள்ள கீதாவுக்கு,

நீ நன்றாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும். நான் நன்றாக இருப்பது உனக்குத் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய சி.டி. வியாழக்கிழமை வந்தது. அட்டை நசுங்கியிருந்தது, சி.டி.க்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மதியமே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். நம் ‘அளம்’ சாஃப்ட்வேர் ஓடுகிறதடி!

எங்கள் உப்பளத்து ஓனர் பலராமன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார். அம்பாரத்துக்கு ஒரு நம்பர், அந்த உப்பில் அயோடின் எவ்வளவு இருக்கிறது என்ற டெஸ்ட், எந்த லாரியில் ஏறி எந்த ஊருக்குப் போனது, இவ்வளவும் ஒரே திரையில் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். “ஏம்மா, இத நீங்க ரெண்டு பேருமா செஞ்சீங்க?” என்றார். திண்டிவனத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டிப்ளமோ படித்த ரெண்டு பேரும்தான் என்று சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கே இன்னும் முழுசாக வரவில்லை.

டிசம்பரில் கடல் ஏறி வந்ததில் கிழக்குப் பக்கத்துப் பாத்தியெல்லாம் சேறு. இந்த வருஷம் உப்பு வாரவே ஒரு மாதம் பிந்திவிட்டது. அதனால் வேலை நெருக்குவதற்கு முன்னால் பழகிக்கொள்ள எனக்கு நேரம் கிடைத்தது.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அடுத்த பதிப்பை எஸ்.க்யூ.எல். சர்வரில் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். இங்கே கரண்ட் ஒரு நாளைக்கு மூன்று தடவை போகும். உப்புக்காற்றில் மேசை ஸ்க்ரூ கூடத் துருப்பிடிக்கிறது. சர்வர் என்று தனியாக ஒரு பெட்டியை வைத்தால் அதை யார் பார்த்துக்கொள்வது? அது படுத்துக்கொண்டால் நீ சென்னையிலிருந்து வந்து சேரும்வரை நான் கைகட்டி நிற்க வேண்டும். இப்போது உள்ள இன்பில்ட் டேட்டாபேஸ் என்றால் எல்லாம் ஒரே ஃபைல். கெட்டுப்போனால் நேற்று எடுத்து வைத்த காப்பியை ஒட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். அது எனக்குப் புரிகிறது. நாளைக்கு போர்டில் ரெண்டு பேர் பெயரையும் போடப் போகிறோம் என்கிறாய். எனக்குப் புரியாத சரக்குக்கு நான் பார்ட்னர் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

போனில் பேசலாம்தான். ஆனால் போன் ஓனர் அறையில் இருக்கிறது. நான் பேச ஆரம்பித்தால் அவர் பேப்பர் படிப்பதை நிறுத்திவிடுவார். நீ கடிதமே போடு.

என் வீட்டுக்காரர் குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸ் வேலையில்தான் இருக்கிறார். உன்னை விசாரித்தார். சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு.

உன்
அமுதவல்லி


பெரம்பூர், சென்னை
15.3.2005

அடி அமுதா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “இவ சொல்றதுதான்டி சரி” என்கிறாள். என்ன சரி என்று கேட்டால், “அதெல்லாம் தெரியாது, உறுதியா சொல்றா இல்ல” என்கிறாள். உனக்கு இந்த வீட்டில் ஓட்டு அதிகம்.

உனக்கு ஒரு தடவை விளக்கிச் சொல்லிவிட்டுத் தோற்றுப்போகிறேன். இன்பில்ட் என்பது மேசைமேல் திறந்து கிடக்கிற நோட்டு. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எழுதலாம், வீட்டுக்குக் கொண்டு போகலாம். எஸ்.க்யூ.எல். என்பது தாலுகா ஆபீஸ் ஜன்னல். நோட்டு உள்ளே இருக்கும், நீ தொட முடியாது. என்ன வேண்டும் என்று கேட்டால் உள்ளே இருக்கிறவன் பார்த்துச் சொல்வான். எழுதச் சொன்னால், நீ யார், உனக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவான். ஒரே நேரத்தில் பத்துப் பேர் வந்தாலும் வரிசையில் நிற்க வைப்பான். ஒரு மேசை, ஒரு ஆள் என்றால் நீ சொல்வது சரி. இரண்டாவது கம்ப்யூட்டர் வந்து உட்கார்கிற அன்றைக்கு நான் சொல்வது சரி.

ஆனாலும் இன்பில்ட்டே இருக்கட்டும் என்று ஒப்புக்கொள்கிறேன். உனக்காக மட்டும் என்று நினைத்துவிடாதே. பிப்ரவரியோடு கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். அப்பா ஒரு வாரம் வீட்டில் பேயாட்டம் ஆடினார். கடைசியில் ஒரு பேரம் படிந்தது. அடுத்த தை மாதத்துக்குள் பத்து உப்புக் கம்பெனி ‘அளம்’ வாங்கினால் நான் என் இஷ்டப்படி இருக்கலாம். ஒன்று குறைந்தாலும் ராணிப்பேட்டை மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். “உன் வார்த்தைய நம்பறேன், என் வார்த்தைய நீ நம்பு” என்று என் அப்பா தேவநாதன் அவர்கள் கையை நீட்டினார். நானும் கை கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளைப் பையன் கெட்டவன் ஒன்றும் இல்லை. எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

எஸ்.க்யூ.எல்.லுக்கு மாற்றுவதென்றால் முழுசாகத் திருப்பி எழுத வேண்டும். ஆறு மாதம் போய்விடும். என்னிடம் அந்த ஆறு மாதம் இல்லை.

அடுத்த சி.டி. இத்துடன். பழையதில் தேதி சில இடத்தில் தப்பாக வந்தது, சரி செய்திருக்கிறேன்.

உன்
கீதாஞ்சலி


மரக்காணம்
22.5.2005

அன்புள்ள கீதா,

வெயில் கொளுத்துகிறது, உப்பு கொட்டுகிறது, பலராமன் சிரிக்கிறார். இதைவிடச் சுருக்கமாக ஊர்ச் செய்தி சொல்ல முடியாது.

இரண்டாவது கம்ப்யூட்டர் வந்துவிட்டது! கலியமூர்த்தி அண்ணனின் டெஸ்ட் ரூமில் வைத்திருக்கிறோம். அவர்தான் எங்கள் கெமிஸ்ட். ஒவ்வொரு அம்பாரத்திலிருந்தும் கைப்பிடி உப்பு எடுத்துக் கரைத்து அயோடின் பார்க்கிறவர். ஆபீசுக்கும் அவர் ரூமுக்கும் நடுவில் கேபிள் இழுத்தோம். இருபது நாளில் கேபிள் முனையில் பச்சை பூத்து, ஃபைல் ரெண்டு தடவை உடைந்துவிட்டது. சென்னையிலிருந்து கீதா மேடம் வரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. பலராமன் ஒரு பென் டிரைவ் வாங்கித் தந்தார். காலையில் ஃபைலைக் காப்பி எடுத்து அண்ணன் தன் ரூமுக்குக் கொண்டு போகிறார். டெஸ்ட் முடிவெல்லாம் அதில் போட்டுவிட்டு, பிற்பாடு ஆபீஸ் கம்ப்யூட்டரில் கொண்டு வந்து ஒட்டிவிடுகிறார். நான் சொல்லிக் கொடுத்த வித்தை. உன் தாலுகா ஆபீஸ் ஜன்னல் இதைச் செய்யுமா?

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். இங்கே ஒரு வழக்கம் உண்டு. டெஸ்டில் ஆகாத அம்பாரத்தில் ஒரு பனைமட்டையைக் குத்தி வைப்பார்கள். மட்டை நிற்கிற அம்பாரத்தில் ஒருத்தரும் கை வைக்க மாட்டார்கள். குத்தியவர்தான் பிடுங்க வேண்டும். ஓனரே ஆனாலும் தொட்டால் பொன்னம்மாள் விடமாட்டாள். மூட்டை பிடிக்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி, வாய் இருக்கிறது பார், திண்டிவனம் வரைக்கும் கேட்கும். அந்த மட்டையை நான் நிறுத்திவிட்டேன். ஆகாத அம்பாரம் இப்போது திரையில் சிவப்பாக வருகிறது. சிவப்பாக இருந்தால் லாரிச் சீட்டு அச்சாகாது. அதற்கு மேல் எதற்கு மட்டை? பொன்னம்மாளுக்குத்தான் மனசு ஆறவில்லை. “மட்டைன்னா எட்ட இருந்தே தெரியும். உன் டப்பாவ நான் வந்து எட்டிப் பாக்கணுமா?” என்றாள். சீட்டைப் பார் போதும் என்றேன்.

எத்தனை கம்பெனி ஆயிற்று? எண்ணிக்கை எழுது.

உன்
அமுதா


தூத்துக்குடியிலிருந்து
3.6.2005

அமுதா,

லாட்ஜ் மேசையில் எழுதுகிறேன். கையெழுத்து இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள். உன் கடிதத்தை அம்மா இங்கே திருப்பி அனுப்பினாள்.

எண்ணிக்கை ஐந்து! வேதாரண்யத்தில் மூன்று, இங்கே ஒன்று, உங்களுடையது ஒன்று. இன்னும் ரெண்டு பேர் இந்த வாரம் சொல்வதாக இருக்கிறார்கள். ஒரு பெண் தனியாக சி.டி.யோடு வந்து நிற்கிறாளே என்று முதலில் நாற்காலி கூடப் போடுவதில்லை. திரையில் சிவப்பு வந்ததும் மோர் வருகிறது. எல்லோருக்கும் பிடித்த விஷயம் நீ சொன்னதுதான், ஒரே ஃபைல், எளிசாகக் காப்பி எடுக்கலாம் என்பது.

நீ பென் டிரைவில் கொண்டு போய் ஒட்டுகிற விஷயம் கொஞ்சம் ஜாக்கிரதை. அதைப் பற்றிப் பிறகு விவரமாக எழுதுகிறேன். இப்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கீதா


மரக்காணம்
19.7.2005

கீதா,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை, பதினாலாம் தேதி. காலையில் கலியமூர்த்தி அண்ணன் வழக்கம்போல் ஃபைலைக் காப்பி எடுத்துப் போனார். அன்று ஏழாம் நம்பர் அம்பாரத்தில் அயோடின் சுத்தமாக இல்லை. அயோடின் தெளிக்கிற மிஷினின் மூக்கை உப்பு அடைத்திருக்கிறது. அண்ணன் தன் கம்ப்யூட்டரில் அதைச் சிவப்பாக்கினார். ரெண்டு மணிக்கு வந்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் சாப்பிட்டுத் திரும்பி வந்து பார்க்கிறேன், காலையிலிருந்து நான் போட்ட ஒன்பது லாரிப் பதிவையும் காணோம். மற்ற நாளெல்லாம் அண்ணன் ஒட்டிய பிறகுதான் பதிவு போடுவேன், அன்று லாரி நெருக்கியதில் காலையிலேயே போட்டுவிட்டேன். அண்ணன் கொண்டு வந்தது காலைக் காப்பி, அதில் என் ஒன்பதும் எப்படி இருக்கும்? எனக்கு எரிச்சல். ஒரு மணிக்கு நான் ஒரு காப்பி எடுத்து வைத்திருந்தேன். என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு அதை எடுத்து மேலே ஒட்டினேன். ஒன்பதும் வந்துவிட்டது. அண்ணன் போட்ட சிவப்பு போய்விட்டது. அது போனது எனக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு லாரி. ஏழாம் நம்பருக்குச் சீட்டு கேட்டேன், அச்சாகிவிட்டது. பொன்னம்மாள் வாசலில் வந்து நின்று கேட்டாள். “ஏம்மா அமுதா, கெமிஸ்டு அந்த ஏழாம் நம்பர்கிட்ட நின்னு மூஞ்சிய சுளிச்சிக்கினு இருந்தாரு. அள்ளலாமா?”

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “கம்ப்யூட்டர்ல சிவப்பு இல்லக்கா. அள்ளுங்க” என்றேன்.

நூற்றி எண்பது மூட்டை. மூட்டைமேல் அயோடின் கலந்த உப்பு என்று அச்சடித்திருக்கிறது. மறுநாள் காலையில் அண்ணன் என் மேசைக்கு வந்து, “அமுதாம்மா, ஏழாம் நம்பர் எங்க?” என்று கேட்டார். அவர் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் திட்டவில்லை.

பலராமனிடம் நானே போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரர் லீவு போட்டு வந்தார், ரெண்டு பேரும் அதே லாரியில் உப்பு போய்ச் சேர்ந்த வந்தவாசிக்குப் போனோம். மொத்தக் கடைக்காரர் நல்ல மனுஷர். நூற்றி நாற்பது மூட்டையைத் திரும்ப ஏற்றினோம். மீதி நாற்பது மூட்டை கிராமத்துக் கடைகளுக்குப் போய்விட்டது. ரெண்டு நாள் கடை கடையாக ஏறி இறங்கியும் ஒரு மூட்டைகூடக் கிடைக்கவில்லை. எல்லாம் பிரித்து விற்றாகிவிட்டது. அதைத் தின்று யாரும் சாகப்போவதில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அயோடின் இருக்கிறது என்று நம்பி வாங்கிப் போயிருக்கிறார்கள். அதில் பிள்ளைத்தாச்சிப் பெண் எத்தனை பேரோ, அயோடின் குறைந்தால் வயிற்றுப் பிள்ளைக்குத்தானே கேடு.

பலராமன் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அமுதா


பெரம்பூர்
27.7.2005

அன்புள்ள அமுதா,

உன் கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன். நீ வந்தவாசிக்கு அலைந்தது போதும். உன்னை நீயே வதைத்துக்கொள்ளாதே. பக்கத்தில் இருந்திருந்தால் ரெண்டு அடி கொடுத்துச் சாப்பிட வைத்திருப்பேன்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார். சாஃப்ட்வேர் தப்பு செய்யவில்லை. கொடுத்த ஃபைலை அது காட்டியது. நடந்தது கைத்தவறு. இனிமேல் பென் டிரைவ் வேண்டாம், ஒரே கம்ப்யூட்டர் போதும், கலியமூர்த்தி அண்ணன் உன் மேசைக்கே வந்து போடட்டும். முடிந்தது விஷயம்.

எண்ணிக்கை ஏழு ஆகிவிட்டது. உங்களை விட்டால் ஆறு பேர். தீபாவளிக்குள் இன்னும் மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். அப்பா இப்போதெல்லாம் ராணிப்பேட்டைப் பேச்சை எடுப்பதில்லை, காலண்டரை மட்டும் பார்க்கிறார். நீ அடுத்து என்ன எழுதப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். அதை இப்போது எழுதாதே. தை கழியட்டும். பிறகு எஸ்.க்யூ.எல். என்ன, எது சொன்னாலும் செய்கிறேன்.

நடந்ததை வெளியில் யாரிடமும் சொல்ல வேண்டாம். மூன்று பேரும் கை நழுவிவிடுவார்கள்.

உன்
கீதா


மரக்காணம்
4.8.2005

அன்புள்ள கீதா,

எழுதாதே என்றதை எழுதுகிறேன்.

என் கைதான் தவறியது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கை தவறுகிற மாதிரி ஃபைலைத் திறந்து வைத்தது நாம் ரெண்டு பேரும். நான் கேட்டேன், நீ செய்தாய். காப்பி எடுக்க எளிசு என்றுதானே தூத்துக்குடியில் சொல்லி விற்றாய்? அங்கேயும் ஒரு கெமிஸ்ட் இருப்பார். அங்கேயும் டெஸ்ட் ரூமுக்கு ஒரு கம்ப்யூட்டர் வரும். அவர்களும் என்னைப் போல் கெட்டிக்காரத்தனமாக ஒரு காப்பி எடுத்து வைத்திருப்பார்கள்.

பொன்னம்மாள் என்னிடம் பதினைந்து நாள் பேசவில்லை. நேற்று நானே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “மட்டைய நட்டவன் தவிர வேற ஆளு புடுங்கக் கூடாது, அதான் எங்க கணக்கு. உன் டப்பால யார் யாரு புடுங்கலாம்?” என்று கேட்டாள். எல்லோரும் என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் ஆட்டிய ஆட்டில் நம்முடைய ஆறு மாத வேலை மொத்தமும் போய்விட்டது.

நீ மார்ச்சில் எழுதினாயே, எழுதச் சொன்னால் நீ யார், உனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று கேட்பான் என்று. எனக்கு அந்த ஆள் வேண்டும். கலியமூர்த்தி அண்ணன் போட்ட சிவப்பை கலியமூர்த்தி அண்ணன் மட்டும்தான் எடுக்க முடிய வேண்டும். நானும் முடியக் கூடாது, பலராமனும் முடியக் கூடாது, நீயும் முடியக் கூடாது. இன்பில்ட்டில் எத்தனை பாஸ்வேர்டு போட்டாலும் பழைய ஃபைலை மேலே ஒட்டினால் முடிந்தது. மார்ச்சில் நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. சர்வர் படுத்துக்கொண்டால் நான் கற்றுக்கொண்டு எழுப்புகிறேன். குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வேண்டாம் என்று கொடுத்தார்கள். பாண்டிச்சேரியில் எஸ்.க்யூ.எல். புத்தகம் வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சமையல் வீட்டுக்காரர் பொறுப்பு, நான் படிக்கிறேன். கரண்ட் போகும்போது பதிவு உடையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்கிற அத்தியாயத்தில் இருக்கிறேன்.

உன் தை மாதம் எனக்குத் தெரியாதா கீதா? உன் கழுத்துக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இருந்தாலும் அந்த ஆறு பேருக்கும் காப்பி எடுத்து ஒட்டாதீர்கள் என்று நாம் சொல்லியாக வேண்டும். ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் நீ சொல்லிவிடு. இல்லாவிட்டால் நான் எழுதுவேன்.

உன்
அமுதவல்லி


மரக்காணம்
10.9.2005

கீதா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பத்து நாள் கூடுதலாகவே பார்த்தேன்.

இன்று காலை ஆறு பேருக்கும் ரிஜிஸ்டர் தபாலில் எழுதிவிட்டேன். பழைய பில்லில் இருந்து விலாசம் எடுத்தேன். ஏழாம் நம்பர் அம்பாரம், நூற்றி எண்பது மூட்டை, கிடைக்காத நாற்பது, எல்லாம் எழுதியிருக்கிறேன். தவறு என்னுடையது என்று எழுதினேன். உன் பெயரை இழுக்கவில்லை. ஒரு நகல் இத்துடன் இருக்கிறது. மற்றவர்கள் வாயால் நீ கேட்கக் கூடாது.

தபால் ஆபீசிலிருந்து வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். உன் ஒரு வருஷத்தை என் கையாலேயே பிடுங்கிக்கொண்டேன். நீ என்னை மன்னிக்க வேண்டாம். ஆனால் கேட்டால் திரும்பவும் இதையேதான் செய்வேன்.

அமுதவல்லி


பெரம்பூர்
18.12.2005

அமுதா,

மூன்று மாதம் உன் மேல் இருந்த கோபத்தில் ஒரு வரி எழுதவில்லை. கோபம் இப்போதும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

உன் கடிதம் போனதும் மூன்று பேர் சி.டி.யைத் திருப்பி அனுப்பினார்கள். விஷயம் காதில் விழுந்துவிட்டது போல, தீபாவளிக்குச் சொன்ன மூன்று பேரும் போனை எடுக்கவில்லை. உன்னோடு கூட்டுச் சேர்ந்ததற்கு இது எனக்கு வேண்டியதுதான் என்று உன்னை மனசுக்குள் வைது தீர்த்தேன். அப்புறம் வேதாரண்யத்திலிருந்து சகாயமேரி என்று ஒரு அம்மா கூப்பிட்டார்கள். அங்கே ஆபீஸ் பார்க்கிறவர்கள். “உங்க ஃபிரண்டு லெட்டர் வந்துதுங்க. படிச்சிட்டு அன்னிக்கே எங்க ரெண்டு கம்ப்யூட்டரையும் ஒத்துப் பாத்தோம். நாலு அம்பாரம் சிவப்பு போயிருந்துதுங்க. நல்லவேளை, லாரி வரல” என்றார்கள். உங்கள் ஃபிரண்டு என்று அவர்கள் சொன்னபோது ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்றை உன்னிடம் மறைத்திருக்கிறேன். ஜூனில் லாட்ஜிலிருந்து எழுதியபோது, பென் டிரைவ் விஷயம் ஜாக்கிரதை, பிறகு விவரமாக எழுதுகிறேன் என்று எழுதினேன். பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் இருந்தது அமுதா. நேரமாகிவிட்டது என்று எழுதியது பொய். ஒரு காப்பி இன்னொன்றை அழிக்கும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். விவரமாக எழுதினால் நீ உடனே எஸ்.க்யூ.எல். கேட்பாய், தை போய்விடும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஜூலையில் உனக்குக் கைத்தவறு என்று எழுதினேன். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. நீ அந்த ஆறு பேருக்கு எழுதியதில் நூற்றி எண்பது மூட்டைக்கும் நீ மட்டும் பழியேற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதில்தான் எனக்கு உன் மேல் இன்னும் கோபம்.

போன ஞாயிற்றுக்கிழமை ராணிப்பேட்டையிலிருந்து வந்தார்கள். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்தார். கேசரி, பஜ்ஜி, எல்லாம் முறைப்படி. அவர்கள் தேதி பற்றிப் பேச ஆரம்பித்ததும் அப்பா என்னைப் பார்த்து, “எத்தினி ஆச்சும்மா?” என்று கேட்டார். எல்லோருக்கும் முன்னால், மெதுவாகத்தான் கேட்டார். நான்கு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் திறந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து ஆகியிருந்தாலும் எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். ஒன்றுகூட ஆகாவிட்டாலும் வேண்டாம். எனக்கு வேண்டாம் என்பதைச் சொல்ல எதற்காகப் பத்து கம்பெனியைத் தேடிக்கொண்டு வேதாரண்யத்துக்கும் தூத்துக்குடிக்கும் ஓடினேன்?

“எண்ணிக்கைய விடுங்கப்பா. எனக்கு இதுல இஷ்டம் இல்ல. கை குடுத்தது தப்பு. மன்னிச்சிருங்க” என்றேன். ராணிப்பேட்டை அம்மா கையில் இருந்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார். மாப்பிள்ளைப் பையன் மட்டும், “பரவால்லீங்க” என்றான், பாவம். வீடு இடிந்து விழவில்லை. அப்பா ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. காபி வேண்டுமென்றால் அம்மாவிடம் சுவரைப் பார்த்துக் கேட்கிறார். எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் இந்த வருஷத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன்.

மறுநாளே எஸ்.க்யூ.எல். பதிப்பை ஆரம்பித்துவிட்டேன். சித்திரைக்குள் முடிக்கிறேன். அவசரப்படுத்தினால் முடியாது, நீயும் அவசரப்படுத்தாதே. சிவப்பு போட்டவரைத் தவிர யாரும் எடுக்க முடியாத பகுதியை முதலில் எழுதிவிட்டேன், சி.டி. இத்துடன் இருக்கிறது. கெஸ்ட் ஹவுஸ் கம்ப்யூட்டரில் போட்டு உடைக்கப் பார். பொன்னம்மாளையும் உட்கார வைத்துப் பார். கரண்ட் போகும்போது பதிவு என்ன ஆகிறது என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அந்த அத்தியாயத்தை நீ முடித்திருப்பாய், எனக்கு எழுது. நான் இன்னும் படிக்கவில்லை.

ஆறு பேருக்கும் இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறேன், சி.டி. திருப்பி அனுப்பினவர்களுக்கும் சேர்த்து. எனக்கு முன்பே தெரியும் என்பதை அதில் ஒளிக்காமல் எழுதிவிட்டேன். புதுப் பதிப்பு வரும்வரை ஒரே கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளவும் சொல்லியிருக்கிறேன். ஆறும் கவருக்குள் இருக்கிறது. என் கையெழுத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். நீயும் கையெழுத்துப் போட்டு, அங்கேயே தபாலில் சேர்த்துவிடு.

கீதாஞ்சலி